வீட்டு மண்ணு செத்துக் கெடக்குதா? செடி வெக்கறதுக்கு முன்னாடி எரு போடறது பத்தி சேலத்துக்காரங்க கேக்குற கேள்விங்க

கருப்பூர் பக்கம் வீடு கட்டி குடி வந்து நாலு வருஷம் ஆச்சுங்க, பொடக்காலில, அதாவது வீட்டுக்குப் பின்னாடி, ரெண்டு சென்ட் எடம் கெடந்துச்சு, வந்த வேகத்துல நர்சரிக்கு போயி நாப்பது செடி வாங்கியாந்து வெச்சேன், அந்த வெயிலுக்குள்ளயே முப்பத்தி மூணு போயிருச்சு. அப்பறம்தான் மொதல்ல மண்ணு அப்பறம் செடின்னு புத்தி வந்து ஒரு வருஷம் செடி பேச்சையே எடுக்காம மண்ணுலயே வேலை பாத்தேன். இப்ப சொந்தக்காரங்க, தெருக்காரங்க, பையன் ஸ்கூல் அம்மாங்க எல்லாரும் அதே கேள்விய மாத்தி மாத்தி கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை போச்சு, அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சிட்டேன்.

என் மண்ணு நல்ல மண்ணா கெட்ட மண்ணான்னு எப்படி தெரிஞ்சிக்கிறது?

செலவே இல்லாம மூணு டெஸ்ட் இருக்கு. மொதல் டெஸ்டுக்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் போதும், பாதிக்கு கொஞ்சம் கம்மியா மண்ணு போட்டு மேல தண்ணி ஊத்தி நல்லா குலுக்கி வெச்சிடுங்க. மணலு ஒண்ணு ரெண்டு நிமிசத்துலயே அடில உக்காந்துரும், வண்டல் ரெண்டு மூணு மணி நேரத்துல அதுக்கு மேல படியும், களி படிய ஒரு நாளு ரெண்டு நாளு கூட ஆவும். மேல கருப்பா குப்பையாட்டம் மெதக்குது பாருங்க அதுதான் மக்கு, மக்கிப்போன எலை தழை. என் பாட்டில்ல ஒரு துளி கூட மெதக்கல.

ரெண்டாவது, ஒரு அடி ஆழத்துக்கு குழி தோண்டி தண்ணி ரொப்பி அது வடிஞ்சதும் மறுபடி ரொப்புங்க. ரெண்டாவது தடவை ஊத்துன தண்ணி மறுநா காலைல கூட நிக்குதுன்னா அடில கெட்டியா ஏதோ இருக்கு, அஞ்சு நிமிசத்துல காணாம போகுதுன்னா மண்ணு தண்ணியவே புடிக்கல. ரெண்டுக்கும் வைத்தியம் எரு தான், விசித்திரம் என்னன்னா களிய இளக வெக்கறதும் அதுதான் மணலை கட்டி வெக்கறதும் அதுதான்.

மூணாவது நம்ம ஊருக்குன்னே உள்ள டெஸ்ட். மண்ணுக்குள்ள வெள்ளை வெள்ளையா கல்லு வருதுல்ல, அதுல கொஞ்சம் வினிகர் ஊத்துங்க. உடனே புஸ்ஸுனு நொரைச்சா அது சுக்கான், சுண்ணாம்பு. நொரைக்காம சும்மா இருந்துச்சுன்னா அது மேக்னசைட்டா இருக்கலாம், சுண்ணாம்புக்கரடு பக்கம் சுரங்கத்துல எடுக்கற அதே வெள்ளைக்கல்லு, அது சூடு பண்ணாத வினிகருக்கெல்லாம் அசையாது. எங்க மண்ணுல ரெண்டும் கலந்து இருக்குதுங்க, குடுத்து வெச்சவங்க நாங்க.

புது வீடு கட்டுன எடம், ரெண்டு வருஷமா புல்லு கூட மொளைக்கல, ஏன்?

அஸ்திவாரம் தோண்டறப்ப என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. அடி மண்ணு மேல வரும், மேல் மண்ணு அடில போயி மூடிக்கும். வெள்ளாமைக்கு ஆவறது மேல இருக்கற அரை அடி முக்கால் அடி தான், அதுலதான் வேர், மண்புழு, கண்ணுக்கு தெரியாத ஜீவனுங்க எல்லாம் இருக்கு. அடிமண்ணுல ஒண்ணும் கெடையாது. அதுக்கு மேல ஜல்லி, செங்கல் துண்டு, டைல்ஸ் ஒடைசல், பெயிண்ட் கழுவுன தண்ணி, எல்லாத்துக்கும் மேல சிமென்ட். சிமென்ட்லயும் சுண்ணாம்புதான், ஏற்கனவே சுண்ணாம்பு இருக்கற மண்ணுல இன்னும் சுண்ணாம்பு. வண்டி ஏறி எறங்கி ரோடாட்டம் இறுகியும் போயிருக்கும்.

மொதல்ல ஒரு ஞாயித்துக்கெழம குடும்பத்தோட உக்காந்து கல்லு பொறுக்குங்க. சிமென்ட் கலவை போட்ட எடத்துல மட்டும் அந்த மேல் மண்ணை செதுக்கி வெளிய எடுத்துப் போட்டுடுங்க, எரு போட்டு சரி பண்ணிடலாம்னு நெனைக்காதீங்க.

செம்மண்ணு ரெண்டு லோடு எறக்கிட்டா வேலை முடிஞ்சிடும்ல?

எல்லாரும் பண்ற தப்பு, நானும் பண்ணேன். பாக்க செவசெவன்னு அழகா இருக்கும், ஆனா லோடுல வர்றது பெரும்பாலும் எங்கயோ ரெண்டாள் ஆழத்துல தோண்டுன கிராவல் தான், அதுவும் செத்த மண்ணு தான். செத்த மண்ணு மேல செத்த மண்ணு கொட்டுனா என்ன வரும்? இன்னொண்ணு, வேற மாதிரி மண்ணை தனி அடுக்கா மேல போட்டா தண்ணி அந்த ரெண்டும் சேர்ற எடத்துல நின்னுக்கும், வேரும் அங்கயே நின்னுக்கும். தரைமட்டம் தாழ்வா இருக்கு, மழைத்தண்ணி உள்ள வருதுன்னா மட்டும் மண்ணு அடிங்க, இல்லன்னா அந்த காசுக்கு குப்பை அடிங்க.

ஏரி வண்டல் கெடைச்சா அது வேற விஷயம், கோடைல ஏரி வத்தும்போது தாலுகா ஆபீஸ்ல அனுமதி வாங்கி விவசாயிங்க எடுப்பாங்க, தெரிஞ்சவங்க யாராவது எடுத்தா ஒரு டிராக்டர் கேட்டுப் பாருங்க, மணலு சாஸ்தியா இருக்கற மண்ணுக்கு அருமையான சரக்கு. ஆனா டவுனுக்குள்ள சாக்கடை கலக்கற ஏரி வண்டலும் திருமணிமுத்தாறு ஓரத்து மண்ணும் வேண்டாம், சாயத்தண்ணி ஓடுன எடத்துல கீரை போட்டு புள்ளைங்களுக்கு குடுக்கறதுக்கா இவ்ளோ பாடு?

எவ்வளவு எரு வேணும்? ஒரு மூட்டை போதுமா?

போதாதுங்க. காட்டு வெள்ளாமைக்கு சொல்ற கணக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம், அதாவது ஏக்கருக்கு 5 டன், சென்ட்டுக்கு பிரிச்சா 50 கிலோ. காய்கறிக்கு அதுல ரெண்டு மடங்கு, சென்ட்டுக்கு 100 கிலோ. இது ஏற்கனவே உயிரோட இருக்கற காட்டுக்கு. நம்ம வீட்டு மண்ணு மாதிரி ஒண்ணுமே இல்லாத எடத்துக்கு மொதல் தடவை மட்டும் தாராளமா போடணும், நான் போட்டது ரெண்டு இஞ்ச் ஒசரம். 100 சதுர அடில ரெண்டு இஞ்ச்சுன்னா கிட்டத்தட்ட 17 கன அடி, சிமென்ட் சாக்குல ரொப்புனா பதிமூணு பதினாலு மூட்டை வரும். கேட்டதும் மயக்கம் வரும்னு தெரியும். அதான் ரெண்டு சென்ட்டையும் ஒரே வருஷத்துல பண்ணாதீங்க, நாலுக்கு பத்து அடில ரெண்டு பாத்தி மட்டும் ஒழுங்கா பண்ணுங்க, மிச்ச எடத்துக்கு தக்கைப்பூண்டுன்னு ஒரு பசுந்தாள் உரச்செடி இருக்கு, கீழ சொல்றேன்.

தொழு உரம் நல்லா மக்குனதான்னு எப்படி பாத்து வாங்கறது?

எருன்னு சொல்லி ஒருத்தரு ஒரு வண்டி எறக்கிட்டு போனாரு, மேலால பாத்தா கருப்பா இருந்துச்சு, கைய உள்ள விட்டா சுடுது, பச்சை சாணி நடுவுல இருந்துச்சு, அதுகூட வைக்கோலு, பாலிதீன் கவரு, ஒத்த செருப்பு ஒண்ணு. இன்னொரு செருப்ப தேடிப் பாத்தோம் கெடைக்கல.

மக்குன எரு எப்படி இருக்கும்னா, கைல எடுத்தா சில்லுனு இருக்கும், டீத்தூள் மாதிரி பொலபொலன்னு உதிரும், சாணி வாசனை போயி மொத மழை பேஞ்ச மண்ணு வாசனை வரும், இது எதுல இருந்து வந்துச்சுன்னே கண்டுபுடிக்க முடியாது. சந்தேகம் இருந்தா ரெண்டு கைப்புடி எடுத்து லேசா ஈரம் பண்ணி ஒரு கவர்ல கட்டி நாலு நாளு வெச்சு தொறந்து மோந்து பாருங்க, புளிச்ச நாத்தமோ மூக்குல ஏறுற நெடியோ அடிச்சா இன்னும் வேகல. இல்லன்னா ஒரு டப்பால அந்த எருவ போட்டு பாசிப்பயறு பத்து போடுங்க, எட்டு ஒன்பது ஒழுங்கா மொளைச்சா தைரியமா வாங்கலாம்.

பச்சையா வந்துடுச்சுன்னா திருப்பி அனுப்ப சண்டை போட வேண்டாம், ஒரு மூலைல குவிச்சு ஈரம் காயாம மூடி போட்டு மாசத்துக்கு ஒரு தடவை கெளறி விடுங்க, மூணு நாலு மாசத்துல தானா சரியாவும். அதுவரைக்கும் செடி கிட்ட கொண்டு போகாதீங்க.

பச்சையா போட்டா என்னதான் ஆவும்? எப்படியும் மண்ணுக்குள்ள மக்கிடும்ல?

மக்கும், ஆனா உங்க செடி செலவுல மக்கும். வைக்கோலு, மரத்தூளு, காஞ்ச எலை இதுல எல்லாம் கரி (கார்பன்) சாஸ்தி, நைட்ரஜன் கம்மி. அத தின்னு செரிக்கற நுண்ணுயிரிங்களுக்கு நைட்ரஜன் வேணும், அதுக்கு மண்ணுல இருக்கறத எடுத்துக்கும். மொதல் பந்தில அதுங்க உக்காந்துரும், செடிக்கு கடைசி பந்தி, அதுக்குள்ள சோறு தீந்துரும். எலை வெளுத்து நிக்கும், நம்ம என்ன நெனைப்போம், உரம் பத்தலன்னு இன்னும் ரெண்டு கூடை கொட்டுவோம். அதனால மக்காதத மேல மூடாக்கா போடுங்க, உள்ள கலக்காதீங்க, மேல கெடக்கறப்ப இந்த தொல்லை அவ்வளவா இல்ல.

தென்னை நார்க்கழிவு கட்டி வாங்கி கலக்கலாமா? நர்சரில அதத்தான் சொன்னாங்க

தொட்டிக்கு சரி. தரைக்கு அது சோறு இல்ல, வெறும் ஸ்பாஞ்சு. தண்ணிய தன் எடையப் போல அஞ்சு மடங்குக்கு மேல புடிச்சி வெக்கும் அது நெஜம், ஆனா சத்துன்னு பாத்தா பெருசா ஒண்ணும் இல்ல, சில கட்டில உப்பும் இருக்கும், ரெண்டு மூணு தண்ணில அலசி ஊத்தணும். தூளா மொத்தமா கெடைக்குதுன்னா மக்க வெச்சு போடுங்க, கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற முறை ஒண்ணு இருக்கு, 1 டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் ஒன்றரை கிலோ சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்கா போட்டு ஈரமா வெச்சா ரெண்டு மாசம் போல ஆவும், கரிக்கும் நைட்ரஜனுக்கும் 112க்கு 1னு இருந்த விகிதம் 24க்கு 1னு எறங்கிடும். யூரியா வேண்டாம்னு நெனைக்கறவங்க சாணிக்கரைசல் ஊத்தலாம், நாள் எச்சா ஆவும் அவ்ளோதான்.

சேகோ மில்லு திப்பி, கரும்புச் சக்கை, கோழி எரு, பூ மார்க்கெட் கழிவு... நம்ம ஊர்ல சும்மா கெடக்குதே?

குச்சிக்கிழங்குல ஜவ்வரிசி மாவெடுத்து மிஞ்சற சக்கைதான் திப்பி, அதுல மாவு நெறைய இருக்கும், அப்படியே மண்ணுல போட்டா புளிச்சி நாறும், ஈ மொய்க்கும், எலி வரும். கம்போஸ்ட் குழில காஞ்ச எலையோட மாத்தி மாத்தி அடுக்குனா சூப்பரா வேகும். நல்ல காஞ்ச திப்பின்னா மாட்டுக்கு தீவனமா போயிரும், நம்மகிட்ட வராது.

கரும்புச் சக்கையும் சோகையும் (கரும்போட காஞ்ச தோகை) ஓமலூர், காடையாம்பட்டி பக்கம் ஆலை ஓடறப்ப கெடைக்கும், மூடாக்குக்கு அதவிட நல்லது இல்ல.

கோழி எரு நாமக்கல்லுல இருந்து வரும், அத ஜாக்கிரதையா கையாளுங்க. காரம் சாஸ்தி, பச்சையா போட்டா வேரு கருகும். அது மட்டுமில்ல முட்டைக்கோழி தீவனத்துல சுண்ணாம்பு சேக்கறதால எருவுலயும் சுண்ணாம்பு வரும், சுக்கான் மண்ணு வெச்சிருக்கறவங்களுக்கு அது தேவையே இல்ல. ஆட்டுப்புழுக்கை இருந்தா கண்ண மூடிட்டு வாங்குங்க. பெரிய எடம் இருக்கறவங்க ஆட்டுக்காரங்கள கேட்டு ரெண்டு ராத்திரி பட்டி போடச் சொல்லுங்க, புழுக்கை, மூத்திரம் ரெண்டும் நேரா மண்ணுக்கே போயிடும், கூலி ஆளும் வேண்டாம்.

வ.உ.சி. பூ மார்க்கெட்ல கழிவு மூட்டை மூட்டையா கெடைக்கும், சாமந்தி, சம்பங்கி எல்லாம் சீக்கிரம் மக்கும், நாரும் நூலும் பிரிச்சு எடுக்கத்தான் பொறுமை வேணும். எங்க மாமியாருக்கு டிவி பாத்துட்டே அது ஒரு வேலை.

அடுப்பு சாம்பல் போட்டா நல்லதுன்னு பாட்டி சொன்னாங்க

பாட்டி எந்த ஊருன்னு கேளுங்க. நெஜமாவே பதில் அதுலதான் இருக்கு. சாம்பல் காரத்தன்மை, அதாவது பிஎச்ச ஏத்தும் (பிஎச் ஏழுன்னா நடுநிலை, மேல போனா காரம், கீழ எறங்குனா புளிப்பு). கீழ சேலத்துல சுண்ணாம்பு மண்ணு ஏற்கனவே எட்டுக்கு மேல நிக்கற எடத்துல சாம்பல் போட்டா எரியற நெருப்புல எண்ணெய். பாட்டி ஏற்காட்டுக்காரங்கன்னா அவங்க சொன்னது சரி, மேல மலைல புளிப்பு மண்ணு, அங்க கொஞ்சம் தூவலாம்.

இட்லிப்பூவும் எலுமிச்சையும் மஞ்சளாவே நிக்குது, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. எரு போட்டும் மாறல

இது இரும்புச்சத்து கொறை. மண்ணுல இரும்பு இருக்கு, ஆனா சுண்ணாம்பு அத கட்டிப் போட்டுருது. எரு கொஞ்சம் கொஞ்சமா உதவும், உடனே இல்ல. அவசரத்துக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம், அதோட கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு கலந்து சாயங்காலமா எலை மேல அடிங்க, பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. புதுசா வர்ற கொழுந்து பச்சையா வரும், பழைய எலைய பாத்து ஏமாந்துக்காதீங்க.

இன்னொரு விஷயம் ஓப்பனா சொல்றேன். பிஎச்ச எரு போட்டே ஏழுக்கு கொண்டு வந்துடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, சுக்கான் இருக்கற வரைக்கும் அது திரும்ப ஏறிட்டே இருக்கும். மேக்னசைட் பக்கம் மண்ணுல மெக்னீசியம் சாஸ்தியாகி கால்சியம் கொறையும், அதுக்கு ஜிப்சம் போடுவாங்க, ஆனா மண்ணு டெஸ்ட் பண்ணாம மூட்டைய பிரிக்காதீங்க. மண்ணுகூட மல்லுக்கட்டறதுக்கு பதில் அந்த மண்ணு புடிக்கற மரத்த வெக்கலாம், நெல்லி, சீத்தா, நாவல், கொடுக்காப்புளி, சப்போட்டா எல்லாம் சமாளிச்சிக்கும். இட்லிப்பூவ தொட்டில வெச்சி ஆசைய தீத்துக்கலாம்.

எரு வாங்க காசும் இல்ல, தூக்க ஆளும் இல்ல. வேற வழி?

தக்கைப்பூண்டு. மனசார சொல்றேன் என் மண்ணை பாதி மாத்துனது அதுதான். சென்ட்டுக்கு 200 கிராம் வெதை, தூவி லேசா கெளறி தண்ணி விட்டா போதும், மோசமான மண்ணுலயும் வரும், வேருல முடிச்சு போட்டு காத்துல இருக்கற நைட்ரஜன புடிக்கும், அந்த வேரு கடப்பாரை எறங்காத எடத்துல எல்லாம் எறங்கும். நாப்பது நாப்பத்தஞ்சு நாள்ல இடுப்பளவு வரும், பூ எடுக்கற நேரம், தண்டு முத்தறதுக்குள்ள வெட்டி துண்டு துண்டாக்கி மண்ணோட கொத்தி விட்டுடணும். விட்டுட்டீங்கன்னா வெறகு. எங்க வீட்ல ஒரு கல்யாணத்துக்கு போயி பத்து நாள் தள்ளிப் போச்சு, அப்பறம் அருவா போட்டு வெட்ட வேண்டியதா போச்சு. கொத்தி விட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு தான் செடி.

தண்ணி கம்மின்னா சணப்பை போடலாம். இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயா ஊரூரா சொல்லிட்டு போன பல தானிய விதைப்பும் இதே வேலைதான், சிறுதானியம், பயறு, எண்ணெய் வித்துன்னு கலந்து வெதைச்சு வளந்ததும் மண்ணோட மடக்கி விடறது, அஞ்சறைப்பெட்டில மிஞ்சி போன கடுகு, வெந்தயம், கொத்தமல்லி கூட அதுல போகும்.

எந்த மாசம் ஆரம்பிக்கணும்?

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றோம்ல, அதுல இருந்து பின்னாடி எண்ணுங்க. சித்திரைல கோடை மழை ஒண்ணு ரெண்டு விழுகும், அந்த ஈரத்துல கல்லு பொறுக்கி கொத்தி விட்டு தக்கைப்பூண்டு போடுங்க, வைகாசி கடைசில மடக்குங்க, ஆனில எருவ கலந்து தண்ணி விட்டு ஆற விடுங்க, ஆடில நடுங்க.

எவ்வளவு ஆழம் கொத்தணும்?

அரை அடி, மிஞ்சினா முக்கால் அடி. அதுக்கு கீழ புரட்ட வேண்டாம், அடிமண்ணு மேல வந்துடும். அடில கெட்டியா இருந்தா கடப்பாரைய எறக்கி ஆட்டி விட்டு எடுத்துடுங்க, வெரிசல் விட்டா போதும், மிச்சத்த வேரும் மண்புழுவும் பாத்துக்கும். சேறா இருக்கறப்ப மம்முட்டிய தொடவே கூடாது, ஒரு புடி மண்ண உருட்டி வெரலால தட்டுங்க, ஒடைஞ்சா வேலை செய்யலாம், அப்பளமாட்டம் தட்டையானா ரெண்டு நாள் பொறுங்க.

மாங்கன்னு வெக்க குழில முழுக்க எருவ ரொப்பிட்டா மரம் ஜம்முனு வரும்ல?

வராதுங்க, சுகவாசி ஆயிரும். குழிக்குள்ள மட்டும் வளமா இருந்தா வேரு வெளிய போகாம உள்ளயே சுத்தும், எரு மக்க மக்க கன்னும் கீழ எறங்கும், களி மண்ணுன்னா மழைக்கு அந்த குழி தண்ணித்தொட்டி ஆயிடும். மூணு அடிக்கு மூணு அடி குழி எடுத்து கொஞ்ச நாள் வெயில்ல காய விடுங்க, எடுத்த மண்ணையே திரும்ப போடுங்க, மேல் மண்ணுல ஒரு கூடை மக்குன எருவும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் கலந்தா போதும். மிச்ச எருவ மரத்த சுத்தி மேலாக போடுங்க, தண்ட ஒட்டாம ஒரு சாண் தள்ளி, இல்லன்னா கரையான் ஏறும்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா ஊத்தினா எரு தேவையில்லையாமே?

200 லிட்டர் தண்ணிக்கு 10 கிலோ சாணி, ரெண்டு கிலோ வெல்லம், ரெண்டு கிலோ பயறு மாவு, மாட்டு மூத்திரம், இதுதான் ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம். உறை மோராட்டம் நெனைச்சிக்கோங்க. பால் இருந்தா தயிராவும், வெறும் தண்ணில உறை ஊத்தி என்ன பண்ண? மண்ணுல மக்கு இருக்கற எடத்துல ஊத்துனா நல்லா வேலை செய்யும்.

ஏற்காட்டுல எங்களுக்கு சின்ன எடம் இருக்கு, இதே முறை தானா?

கணக்கே வேற. சேர்வராயன் மலைல 1500 மீட்டர் ஒசரம் போல, மழை சாஸ்தி, அந்த மழை சுண்ணாம்பு சத்த எல்லாம் அரிச்சிட்டு போயி மண்ணு புளிப்பா நிக்கும், பாக்சைட் எடுத்த மலைன்னா பாத்துக்கோங்க எவ்ளோ காலமா அரிச்சிருக்கும்னு. காபித்தோட்டக்காரங்க டோலமைட்டோ சுண்ணாம்போ போடறது அதுக்குத்தான், கீழ நாங்க பயந்து ஓடற பொருள அங்க காசு குடுத்து வாங்கறாங்க. காபிக்கு பிஎச் ஆறு, ஆறரை இருந்தா சந்தோசம்.

காபிப்பழத் தோலு அங்க எருவுக்கு தங்கம், ஆனா குவிச்சு மக்க வெச்சி போடணும். சில்வர் ஓக் எலை அவ்வளவு லேசுல மக்காது, குளிருக்கு எல்லாமே மெதுவா தான் வேகும், கீழ மூணு மாசம்னா மேல அஞ்சு ஆறு மாசம் வெச்சிக்கோங்க. முக்கியமா சரிவ முழுசா கொத்திப் போட்டுட்டு கீழ எறங்கி வந்துடாதீங்க, ஒரு மழைல மண்ணும் எருவும் பக்கத்து தோட்டத்துக்கு போயிரும். குறுக்கால கல்லு வரப்பு போட்டு பாத்தி பாத்தியா பண்ணுங்க.

எருவுல குண்டு குண்டா வெள்ளைப் புழு இருக்கே?

சுருண்டு படுத்துட்டு கட்டை வெரல் தண்டிக்கு இருந்தா காண்டாமிருக வண்டோட புழுவா இருக்கும். எருவ திங்கறது பெருசில்ல, வண்டாகி தென்னங்குருத்துல ஏறும். பொறுக்கி கோழிக்கு போடுங்க. எருக்குழி பெருசுன்னா இந்த புழுவ கொல்லற மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்து விடலாம், கே.வி.கே.ல (வேளாண் அறிவியல் நிலையம்) கேளுங்க.

மண்ணு டெஸ்ட் எங்க குடுக்கறது?

வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையம் சேலத்துலயே இருக்கு, சந்தியூர் கே.வி.கே.லயும் விசாரிக்கலாம். எரு போடறதுக்கு முன்னாடி எடுக்கணும், எட்டு பத்து எடத்துல மேல இருக்கற குப்பைய ஒதுக்கிட்டு வி ஷேப்ல அரை அடி குழி வெட்டி ஓரத்துல சொரண்டி எல்லாத்தையும் கலந்து நெழல்ல காய வெச்சு அரைக்கிலோ குடுங்க. குப்பைக்குழி பக்கம், மரத்தடில எடுக்காதீங்க.

ஒரு தடவை பண்ணிட்டா போதும்ல?

நம்ம வெயிலுக்கு மக்கு கற்பூரமாட்டம் கரைஞ்சிடும்ங்க. வருஷத்துக்கு ஒரு இஞ்ச் மேலால போட்டுட்டே இருக்கணும், கொத்தக் கூட வேண்டாம். எங்க வீட்ல இப்ப வெறும் கையால தோண்டி மஞ்சள் எடுக்கற அளவுக்கு மண்ணு வந்துடுச்சு, மழை பேஞ்ச மறுநா மண்புழு பொழுக்கை குட்டி குட்டி கோபுரமாட்டம் நிக்குது. சிமென்ட் கலவை போட்ட அந்த வடகிழக்கு மூலை மட்டும் சோம்பேறித்தனத்துல செதுக்காம விட்டேன், எவ்ளோ எரு கொட்டியும் கோரைய தவிர எதுவும் வரல. போன தையில அங்க துணி தொவைக்கற கல்ல போட்டுட்டோம்.